அறுபதுக்கு இழுத்த புள்ளி

எழுதிய புரோகிராமை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் முழு பில்ட் முடிய இருபத்தைந்து நிமிஷம் ஆகும். மேசைமேல் இருக்கும் புதுக் கம்ப்யூட்டரானால் மூன்றே நிமிஷம்தான், ஆனால் எட்டு வருஷத்துக்கு முந்தைய புரோகிராம் அதில் ஏறாது, அதற்கு அந்தக் காலத்துக் கம்பைலர் வேண்டும், அந்தக் கம்பைலர் இருப்பதோ ஆபீஸ் மூலையில் தூசி மண்டிக் கிடக்கும் இந்தக் கிழட்டுப் பெட்டியில், ஆகவே காலை பத்தே முக்காலுக்கு ரேணுகாதேவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். கீழ்த்தளத்து மோட்டார் கம்பெனிக்காரர்கள் எதையோ சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆவாரம்பாளையத்தில் எந்த மாடியில் உட்கார்ந்தாலும் பாதத்துக்கு அடியில் ஏதாவது ஒரு மோட்டார் உறுமிக்கொண்டுதான் இருக்கும், பழகிப்போன சத்தம், இன்றைக்கு மட்டும் அது முழங்கால்வரை ஏறியது. திரையில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எழுந்து போய் ஒரு டீ குடிக்கலாம். போகவில்லை. டச் ஸ்கிரீன் வேலைக்காகப் பழைய ஃபைலைத் திறந்தவள் தனக்கு வேண்டிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கலாம், யார் மேலே படிக்கச் சொன்னார்கள்? படித்தாள். ஒரு ரிட்டர்ன். இருக்கக் கூடாத இடத்தில், பாதியிலேயே திரும்பிப் போ என்று சொல்லும் ஒரே ஒரு ரிட்டர்ன். அதைப் பார்த்ததும் முதலில் அவளுக்குப் பயம் கூட வரவில்லை, எந்த மடையன் எழுதியது இது என்ற கோபம்தான் வந்தது, எழுதியவர் யார் என்று தேடினால் அவள் பெயரையே காட்டியது. அதற்கு அடுத்த நொடி பெருந்துறை, சாயப்பட்டறை, அங்குராஜ். நான் இழுத்தேனுங்க மேடம். எட்டு வருஷமாக எங்கே இருந்தது அந்தக் குரல், இத்தனை பத்திரமாக? அன்றைக்கு அந்த மில்லில் ஓடிக்கொண்டிருந்த அதே பதிப்பைத் தோண்டி எடுத்து இதோ பில்ட் போட்டாயிற்று. அந்த மனிதர் சொன்னது நிஜமா பொய்யா என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். தெரியத்தான் வேண்டுமா?

வேறு ஏதாவது ஒரு வரி அதைச் சரிசெய்திருக்கும், கட்டாயம் இருக்கும், அவள் அவ்வளவு கவனமில்லாதவளா என்ன. அந்த ரிட்டர்ன் இருந்தது ஒரு கண்ட்ரோலில், திரையில் ஆள் இழுத்து மாற்றும் பகுதி அது, அவள் முழுக்க முழுக்கத் தனியாக எழுதிய முதல் வேலை. கடையில் கிடைக்கும் பொத்தான்களையும் பெட்டிகளையும் எடுத்து அடுக்குவது எல்லாரும் செய்வது, இவள் செய்தது அப்படியல்ல, கோட்டுப் படம் ஒன்று திரையில் வரும், சாயத் தண்ணி எத்தனை நிமிஷத்தில் எத்தனை சூட்டுக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு வளைவு, வளைவில் அங்கங்கே புள்ளிகள், புள்ளியை விரலால் பிடித்து இழுப்பதுபோல மௌஸால் இழுத்தால் சூடு மாறும், பக்கத்தில் எண்ணும் மாறும். கம்பெனி நோட்டீஸில் அந்தப் படத்தைத்தான் அட்டையில் போட்டார்கள். பெற்ற பிள்ளையின் போட்டோவைக் கூட நீ இத்தனை பேருக்குக் காட்டியதில்லை என்று அவள் புருஷன் கேலி பண்ணினான். ஆனால் எத்தனை அழகாக இருந்தாலும் அந்த கண்ட்ரோல் தானாக எதையும் செய்யாது, செய்யவும் கூடாது, அதுதான் முறை. புள்ளி நகர்ந்தால், நான் மாறிவிட்டேன், இன்ன எண்ணுக்கு மாறிவிட்டேன் என்று தன்னைச் சுமந்துகொண்டிருக்கும் பேரண்ட் விண்டோவுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பும், அவ்வளவுதான் அதன் வேலை. மிஷினுக்குச் சொல்வது பேரண்ட். எந்த நேரத்தில் எது மாறியது என்று லாகில் எழுதிவைப்பதும் பேரண்ட். இதில் ஒரு சிக்கல் உண்டு, புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் வந்து முட்டிக்கொள்ளும் சிக்கல். ஆள் இழுத்து மாற்றினால்தான் கண்ட்ரோல் வாயைத் திறக்க வேண்டும், புரோகிராமே மாற்றும்போது பேசாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேரண்ட் மாற்றச் சொல்லும், மாறிவிட்டேன் என்று இது சொல்லும், அதைக் கேட்டு அது மறுபடி மாற்றச் சொல்லும், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துச் சுற்றிக்கொண்டே கிடக்கும், திரை உறைந்துபோகும். அதனால் அவள் கொடிபோல ஏற்றி இறக்கும் அடையாளமாக ஒரு ஃபிளாக் வைத்தாள். புரோகிராம் வளைவைப் புதுப்பிக்க ஆரம்பிக்கும்போது ஃபிளாகை ஏற்று, கண்ட்ரோல் வாயை மூடிக்கொள்ளும், முடிந்ததும் இறக்கு, மறுபடி பேசும். ஏற்றினாள். இறக்கவும் இறக்கினாள், கடைசி வரியில். ஆனால் ஏற்றியதற்கும் இறக்கியதற்கும் நடுவில் மிஷினிலிருந்து ஒரு எண்ணைப் படிக்கும் இடம் வருகிறது, அந்த நேரம் பார்த்து வயர் தொடர்பு விட்டுப்போனால் என்ன செய்வது என்றும் யோசித்திருக்கிறாள் மகராசி, தொடர்பு இல்லை என்று திரையில் ஒரு பெட்டி வரும், ஓகே அமுக்கினால் அங்கிருந்தே திரும்பிவிடும். அங்கிருந்தே. ஃபிளாகை இறக்காமலே. அதற்கப்புறம் புரோகிராமை மூடித் திறக்கும்வரை புள்ளி இழுத்தால் நகரும், எண் மாறும், பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும், யாருக்கும் ஒரு வார்த்தை போகாது.

இல்லை, இருக்காது. வேறு எங்காவது இறக்கியிருப்பாள். நூற்றுப் பன்னிரண்டு ஃபைலில் முப்பத்தொன்று முடிந்திருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்பு, துணி கெட்டுப்போன புகாரைப் பார்க்கப் பெருந்துறைச் சாயப்பட்டறைக்குள் நுழைந்தவுடன் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, துடைத்துப் போட்டுக்கொண்டபோது எதிரே கம்பூட்ஸ் போட்ட ஒரு மனிதர் நின்றார், மிஷின் ஆபரேட்டர் அங்குராஜ், நாற்பது வயதிருக்கும், நகக்கண்ணெல்லாம் நீலம். பதினொரு வருஷம் அதே மில், அடுத்த மாதம் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆகவிருந்தவர், இதை யார் சொன்னார்கள் அவளிடம்? மில் மேனேஜர்தான், அதுவும் அவரை வைத்துக்கொண்டே, இவனைப் போய் சூப்பர்வைசர் ஆக்கலாம்னு இருந்தோம் பாருங்க என்று. நடந்தது சின்ன விஷயம். அந்த நிறத்துக்கு அறுபது டிகிரி போதும், ஏற்றியிருந்த வளைவு வேறொரு நிறத்துடையது, எண்பது. அங்குராஜ் சீட்டைப் பார்த்துப் பிசகைக் கண்டுபிடித்து எண்பதிலிருந்த புள்ளியை அறுபதுக்கு இழுத்துவிட்டுப் போய் மற்ற மூன்று மிஷினைக் கவனித்திருக்கிறார். அப்படித்தான் அவர் சொன்னார். சாயத் தண்ணி எண்பதுக்குப் போயிருந்தது, துணி முழுக்கத் திட்டுத்திட்டாக, வெளிநாட்டுக்குப் போக வேண்டிய குழந்தைத் துணி, ஒரு லாட் முழுசும் பாழ். "நான் இழுத்தேனுங்க மேடம். புள்ளி கீழ வந்துச்சுங்க. அறுவதுன்னு காட்டுச்சுங்க, என்ற கண்ணால பாத்தேன்." அவள் லாகைத் திறந்து காட்டினாள். அந்த நேரத்தில் எந்த மாற்றமும் பதிவாகவில்லை. அவர் திரைக்குக் கிட்டே குனிந்து, எதுவும் எழுதியிராத அந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, சண்டைக்கு வராமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரி கேட்டார்: "அப்ப வெளிய காட்டீட்டு உள்ள போகாம இருந்துருக்குங்களா?"

எட்டு வருஷம் கழித்து இன்றைக்கு அவள் இரண்டு மணி நேரம் படித்துக் கண்டுபிடித்ததை அந்த மனிதர் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார். அவள் என்ன செய்தாள்? சிரித்தாள். மேனேஜர் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, "சாஃப்ட்வேர் அப்படியெல்லாம் பண்ணாதுங்க" என்றாள். ஏன் சிரித்தாள்? வலித்தது, அதுதான் நிஜம், தன் கண்ட்ரோலைப் பார்த்து, அட்டையில் வந்த படத்தைப் பார்த்து, கம்பூட்ஸ் போட்ட ஒருவர் இது பொய் காட்டுகிறது என்று சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. லாக். லாகை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று அன்றைக்கு நினைத்தாள், நேற்றுவரை நினைத்தாள். ஆனால் அந்த லாகை எழுதுவது யார்? பேரண்ட். பேரண்டுக்குச் சொல்ல வேண்டியது யார்? கண்ட்ரோல். கண்ட்ரோல் சொல்லாமல் விட்டால் பேரண்டுக்குத் தெரியாது, பேரண்டுக்குத் தெரியாவிட்டால் லாகில் இருக்காது, லாகில் இல்லை என்பதற்கு அர்த்தம் பேரண்டின் காதுக்கு எட்டவில்லை என்பதுதானே தவிர அவர் இழுக்கவில்லை என்பதல்ல. ஊரிலே வேறு யாருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. மேனேஜருக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. எழுதினவளுக்குத் தெரியாதா? எதன் மேல் சந்தேகமோ அந்த கண்ட்ரோலையே சாட்சிக்கும் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு பெட்டி வந்ததாகவும் அவர் சொன்னாரே. "முன்னால ஏதோ பொட்டி வந்துச்சுங்க, இங்கிலீசுல. ஓக்கே அமுத்துனேனுங்க." சொன்னாரா? இல்லை, இப்போது ரிட்டர்னைப் பார்த்த பிறகு அவள் மனசே அதைச் சேர்த்துக்கொள்கிறதா? சொன்னார். ஓகேயை அமுக்கிக் காட்டுவதுபோல நீல நகத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். என்ன பெட்டி, அதில் என்ன எழுதியிருந்தது என்று அவள் கேட்கவில்லை. ஆபரேட்டர்கள் எல்லாரும் ஏதாவது பெட்டி வந்ததாகச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அறுபத்திரண்டு ஃபைல். சுந்தரவடிவேல் சார் தன் அறையிலிருந்து வெளியே வந்தார், கம்பெனி அவருடையது, பதினான்கு வருஷமாக அவருக்குக் கீழேதான் ரேணுகாதேவி வேலை பார்க்கிறாள். மூலையில் அந்தப் பெட்டி ஓடுவதைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். "என்னம்மா, செத்த பொணத்த எழுப்பறே?" பழைய பதிப்பில் ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றாள். "எதுக்கு?" பெருந்துறையில் ஒரு லாட் கெட்டுப் போச்சே சார், அந்த ஆபரேட்டர், என்று ஆரம்பித்தாள். அவர் கொஞ்சம் யோசித்தார், நினைவு வரவில்லை, பிறகு வந்தது. "அட, அந்த மில்லையே மூடியாச்சும்மா. மூணு வருசம் ஆகுது. மிஷினெல்லாம் எடைக்குப் போட்டாச்சு. அதப் போய் இப்ப நோண்டீட்டு? டச் ஸ்கிரீனு வெள்ளிக்கிழமை குடுக்கோணும், ஞாபகம் இருக்கில்ல?" இருக்கு சார். அவர் போய்விட்டார். மூடியாச்சு. அவளுக்கு அந்த வார்த்தை இதமாக இருந்தது, இதமாக இருந்ததை நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது. மில் இல்லை, மிஷின் இல்லை, மேனேஜர் எங்கேயோ, அந்த வரியைத் திருத்திவிட்டால் அது இருந்த தடயமும் போய்விடும், பில்டை இப்போதே நிறுத்திவிட்டு எழுந்து போனால் உலகத்தில் ஒரு ஆளுக்கும் தெரியாது. ஒரு ஆளைத் தவிர. அங்குராஜ் இழுத்தது அவருக்குத் தெரியும் அல்லவா. யார் நம்பாவிட்டாலும் தான் செய்தது தனக்குத் தெரியும் என்று அந்த மட்டில் ஒரு தெம்பு அவருக்கு இருந்திருக்கும், அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. இப்படி நினைத்துக்கொள்வதில் அவளுக்குச் சற்று ஆறுதல் கிடைத்தது.

பிறகு ஒருதரம் அங்குராஜைப் பார்த்தாள். துணி கெட்டு இரண்டு வருஷம் கழிந்திருக்கும், வேறொரு மில்லுக்குப் போகும் வழியில் பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, காக்கிச் சட்டையோடு, தான் ஓட்டும் ஸ்கூல் வேனில் சாய்ந்து நின்றார், மில் வேலை அந்த லாட்டோடு போயிருந்தது. அவள் பார்க்காததுபோலப் போய்விடலாம் என்று நினைக்கும் முன்பே அவர் கும்பிட்டார். நல்லா இருக்கீங்களா மேடம், குழந்தைக நல்லா இருக்குதுங்களா, எல்லாம் கேட்டார். அப்புறம் சற்றுத் தயங்கி, "அப்பறம் அந்த மாதிரி வேற எங்கயாச்சும் யாராச்சும் சொன்னாங்களாங்க மேடம்?" என்று கேட்டார். எந்த மாதிரி என்று அவள் கேட்டிருக்கத் தேவையில்லை, கேட்டாள். "புள்ளி நகந்துட்டு உள்ள போகாதது." யாரும் சொல்லலீங்க, என்றாள். "செரிங்க," என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. யாரும் சொல்லவில்லையா? கரூரிலிருந்து ஒருவர் போன் பண்ணினார், மாத்துனா மாற மாட்டேங்குதுங்க என்று, பள்ளிபாளையத்திலிருந்து இன்னொருவர். ஒருதடவை மூடித் திறங்க என்று சொன்னாள், மூடித் திறந்தார்கள், சரியாகிவிட்டது, தேங்க்ஸ் மேடம் என்றார்கள். ஆகாமல் என்ன செய்யும், திறந்ததும் ஃபிளாக் இறங்கிவிடுமே. எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பாள், மூடித் திறங்க, மூடித் திறங்க, வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை, அதைச் சொல்லும்போதெல்லாம் தன் தப்பின் மேல் தானே ஒரு கை மண் அள்ளிப் போட்டிருக்கிறாள். தொண்ணூற்றெட்டு. நூறு. அன்றைக்கு மில்லில் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை நினைக்க வேண்டாம். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது, கம்பெனி ஃபாரம், நாலு வரி, மாற்றம் எதுவும் ஆபரேட்டரால் செய்யப்படவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி. லாகில் பதிவில்லை என்று எழுதியிருந்தால் அது உண்மை. அவள் அப்படி எழுதவில்லை. எழுதி முடித்தாள், கீழே ஆபரேட்டர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, நினைக்க வேண்டாம், பேனாவை அங்குராஜிடம் நீட்டினாள், அவர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டு, "என்னங்க மேடம் எழுதியிருக்குது?" என்று கேட்டார். "வந்து பாத்தோம்னு எழுதியிருக்குங்க," என்று சொன்னாள். சொன்னாள். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டு, கட்டத்தில் கேட்டிருந்தபடியே போன் நம்பரையும் எழுதி, பேனாவை மூடிக் கொடுத்தார். ஃபிளாகை மறந்தது தப்புதான், யாருக்கும் வரும். இது மறதியா? பொய். பெருந்துறையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

பில்ட் முடிந்தது. பிழை ஏதுமில்லை என்று சொன்னது அந்தக் கிழட்டுப் பெட்டி. மிஷினுக்குப் பதிலாக மேசைமேல் ஒரு சின்ன சோதனைக் கருவி இருந்தது, எந்தச் சூட்டுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறதோ அந்த எண் அதில் சிவப்பில் எரியும். எண்பது என்று எரிந்தது. ரேணுகாதேவி வயரைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை, ஆகாது, ஆகவே ஆகாது என்று அவள் நினைத்த அதே சமயம் தொடர்பு இல்லை என்று திரையில் பெட்டி வந்தது, இங்கிலீஷில். ஓகே அமுக்கினாள். வயரைத் திரும்பச் செருகினாள். எண்பதிலிருந்த புள்ளியைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தாள், அது எவ்வளவு அழகாக வந்தது, வளைவும் கூடவே வளைந்து கொடுத்தது, பக்கத்தில் எண் ஓடி அறுபதில் நின்றது. கருவியில் எண்பது. காத்திருந்தாள். எண்பது. மறுபடி மேலே கொண்டுபோய் மறுபடி இழுத்தாள், நாலு முறை, ஐந்து முறை, லாகைத் திறந்தாள், எதுவும் எழுதியிராத அந்த இடம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடம். ஐயோ என்று வாய்விட்டே சொன்னாள். சாரிடம் சொல்லிவிட்டு அங்குராஜுக்குப் போன் செய்யலாமா என்று ஒரு கணம் தோன்றியது, சொன்னால் செய்ய முடியாது என்றும் தெரிந்தது. பழைய ரிப்போர்ட்டுகளை ஸ்கேன் பண்ணி வைத்திருக்கும் இடத்தில் தேடினாள், சீக்கிரமே கிடைத்தது, நம்பரைப் போட்டாள், எட்டு வருஷத்துக்கு முந்தைய நம்பர் எங்கே இருக்கப் போகிறது என்ற கடைசி நப்பாசையோடு.

மூன்றாவது மணியில் எடுத்தார். காலைச் சவாரி முடிந்து வீட்டில் இருக்கிற நேரம் போல, பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பெயரைச் சொன்னதும், "மேடம்! நல்லா இருக்கீங்களா?" என்றார், எட்டு வருஷத்துக்கு முந்தைய அதே மரியாதை. ஃபிளாக், பேரண்ட், நோட்டிஃபிகேஷன், எப்படி விளக்குவது என்று அடுக்கி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "நீங்க இழுத்தீங்க," என்றாள். "அன்னிக்கு அந்தப் புள்ளிய நீங்க இழுத்தது நெசம். நீங்க சொன்ன மாதிரியேதான், வெளிய காட்டுச்சு, உள்ள போகல. நான் எழுதினதுல தப்பு. ரிப்போர்ட்டுலயும் தப்பா எழுதிட்டேன், என்ன எழுதியிருக்குன்னு கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டேன். இன்னிக்குத்தான் செஞ்சு பாத்தேங்க." "இழுத்தனுங்களா?" என்று கேட்டார் அங்குராஜ். இழுத்தீங்க. "நெசமாவே இழுத்தனுங்களா மேடம்?" குரல் மெலிந்துபோயிருந்தது. "ரெண்டு வருசம் இழுத்தேன் இழுத்தேன்னுதானுங்க எல்லாத்துகிட்டயும் சண்ட போட்டுட்டு இருந்தேன். அப்பறம் எனக்கே சந்தேகமாப் போச்சுங்க. இழுத்த மாதிரி நெனச்சுக்கிட்டனோ என்னமோன்னு. ஊட்டுக்காரிகிட்டயும் சொல்லிப்போட்டேன், ஆமா புள்ள, நான் இழுக்கலதான், உங்கிட்டப் பொய் சொல்லீட்டேன்னு. அன்னிக்கு முழுக்க அவ சோறு திங்கலீங்க. அதுக்கப்பறம் எதத் தொட்டாலும் ரெண்டுவாட்டி பாக்கறதுங்க. வேன் கதவச் சாத்துனா மறுக்கா எறங்கிப் போயி, சாத்துனனான்னு பாக்கறது. கொழந்தைக சிரிக்குதுக." ரேணுகாதேவி மன்னிச்சுக்குங்க என்று சொல்ல முயன்றாள், பாதி வார்த்தைதான் வந்தது, அதை அவர் கேட்டாரா என்றும் தெரியவில்லை, இருங்க மேடம், இருங்க, வெச்சறாதீங்க, தெய்வா, ஏ தெய்வா, இங்க வா, கைய அப்பறம் கழுவு, என்று வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டே போனார், "நீங்களே சொல்லுங்க மேடம், நான் சொன்னா அவ நம்ப மாட்டா." பாத்திரச் சத்தம் நின்றது. போன் கை மாறியது. யாரு என்று கேட்டது ஒரு பெண் குரல். அவள் தன் பெயரையும் கம்பெனிப் பெயரையும் சொல்லி, அந்த ரிப்போர்ட் எழுதினது நான்தானுங்க, உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லல, என்றாள். அந்தம்மா, "எதைச் சொல்றீங்க?" என்று கேட்டாள். "மொதல்ல சொன்னாரே அதுங்களா, அப்பறம் சொன்னாரே அதுங்களா?"

"மொதல்ல சொன்னதுங்க," என்றாள் ரேணுகாதேவி.